1930-களின் வீட்டுக்கு ஹீட் பம்ப்: 12 கிலோவாட்டா, 6 கிலோவாட்டா?

ரேனர்ஸ்லேன்_வாசி

வணக்கம். இங்கிலாந்தில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) வேலை தெரிந்த அண்ணாமார், அக்காமார் இருந்தால் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கோ.

வீடு வடமேற்கு லண்டன், ஹாரோப் பக்கம். 1930-களில் கட்டின செமி-டிடாச்ட் (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது), மூன்று படுக்கையறை. சுவர் இரட்டைச் செங்கல், நடு இடைவெளிக்குள் இன்சுலேஷன் அடித்தாயிற்று. லொஃப்டில் (கூரைக்கு அடியில்) 270 மி.மீ. இன்சுலேஷன் கம்பளி. ஜன்னல் எல்லாம் டபுள் கிளேஸ். இப்ப இருக்கிறது 28 கிலோவாட் காஸ் கொம்பி பாய்லர், வயசாகிப் போச்சு. போன 12 மாதத்தில் எரிந்த காஸ் 14,000 யூனிட் (கிலோவாட்-மணி). ரேடியேட்டர் 9, பெரும்பாலும் ஒற்றைத் தகடு. பிரதான குழாய் 22 மி.மீ., கிளைகள் 15 மி.மீ., எல்லாம் செம்பு. வீட்டில் நாலு பேர். அம்மா நாள் முழுக்க வீட்டில்தான், அவவுக்கு 21 டிகிரி வேணும்.

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கு. முதலாவது: 12 கிலோவாட் மெஷின், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 55 டிகிரி, 100 லிட்டர் பஃபர் டேங்க் (மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி), 250 லிட்டர் சுடுதண்ணீர் சிலிண்டர், ரேடியேட்டர் ஒன்றையும் மாற்றத் தேவையில்லையாம். இரண்டாவது: 6 கிலோவாட், 45 டிகிரி, பஃபர் இல்லை, 210 லிட்டர் சிலிண்டர், ஆறு ரேடியேட்டர் மாற்ற வேணுமாம். அரசு மானியம் 7,500 பவுண்டு கழித்த பிறகும் இரண்டாவதுக்குத்தான் கையிலிருந்து கூடக் காசு போகுது.

28 கிலோவாட் இருந்த இடத்தில் 6 கிலோவாட் எப்படிக் காணும்? வெளியில பூச்சியத்துக்குக் கீழ போகும்போது அந்தக் காற்றில் சூடு எங்க இருக்கு? கடைசியில் கரண்ட் பில், காஸ் பில்லைத் தாண்டிப் போயிடுமோ?

செப்புக்குழாய்

முதலில் 28-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை விடுங்கோ. கொம்பி பாய்லரின் 28 கிலோவாட் வீட்டைச் சூடாக்க வைத்தது இல்லை. ஷவரைத் திறந்த உடனே குழாய்த் தண்ணீர் ஓட ஓடச் சூடாக வேணும், அதற்காக வைத்தது. நிமிடத்துக்கு 11 லிட்டர் சொச்சம் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த 28 கிலோவாட் தேவை. ஹீட் பம்ப் வீட்டில் அந்த வேலையைச் சிலிண்டர் ஆறுதலாகச் செய்து வைத்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை உங்கள் பில்லே சொல்லுது. 14,000 யூனிட் காஸ் எரித்தால், பாய்லர் 88 சதவீதம் திறனில் ஓடினதாக வைத்தால், வீட்டுக்குள் வந்த சூடு சுமார் 12,300 யூனிட். நாலு பேர் குளித்துக் கழுவ அதில் 2,500 போச்சென்று கழியுங்கோ. மிச்சம் 9,800 யூனிட் அறைகளைச் சூடாக்கியது. லண்டன் குளிருக்கு அதைப் பகிர்ந்து பார்த்தால், வெளிக்கும் உள்ளுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு வீடு இழப்பது கிட்டத்தட்ட 0.2 கிலோவாட். லண்டனில் கணக்குக்கு எடுக்கிற கடுங்குளிர் மைனஸ் 2 டிகிரி அளவில். உள்ளே 21 என்றால் வித்தியாசம் 23. ஆக 4.6 முதல் 5 கிலோவாட். அவசரத்துக்குச் செய்கிற குறுக்குக் கணக்கு ஒன்றும் இருக்கு: வருடக் காஸ் யூனிட்டை 2,900-ஆல் வகுக்கிறது. அதிலும் 4.8 வருது.

ஆகவே 6 கிலோவாட் காணும். ஆனால் மெஷினின் பெயரில் இருக்கிற இலக்கத்தை நம்ப வேண்டாம். தயாரிப்பாளரின் அட்டவணையில் "வெளி மைனஸ் 2 அல்லது மைனஸ் 3, தண்ணீர் 45" என்ற வரிசையில் எவ்வளவு தருகிறது என்று கேளுங்கோ. சில மெஷின் பெயரில் 6 இருந்தும் அந்தக் குளிரில் 5 தான் தரும். சிலது பெயருக்கு மேலேயே தரும்.

12 கிலோவாட் போட்டால் "இருக்கட்டும், கூட இருந்தால் நல்லதுதானே" என்று தோன்றும். அது பிழை. ஒவ்வொரு மெஷினும் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாக ஓட முடியாது. வெளியில் 10 டிகிரி இருக்கிற நாளில் உங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட்டும் போதும். லண்டனில் வீட்டைச் சூடாக்குகிற மாதங்களில் அப்படியான நாட்கள் நிறைய வரும். 12 கிலோவாட் மெஷின் கீழே இறங்கினாலும் 4 கிலோவாட் பக்கத்தில் நின்றுவிடும். தண்ணீர் சட்டென்று சூடாகும், மெஷின் நிற்கும், பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பும். ஒரு மணிக்கு ஐந்தாறு தடவை இப்படி நின்று கிளம்பினால் கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும், கரண்டும் வீணாகும். மானியத்தோடு போடுகிற வேலைக்கு எம்.சி.எஸ். (இந்த மாதிரி வேலைகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) விதிப்படி அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டே ஆக வேணும். அந்தத் தாளை இரண்டு பேரிடமும் கேட்டு வாங்குங்கோ. முதலாமவர் 12-க்கு எப்படி வந்தார் என்பது அதில் தெரிந்துவிடும்; சுவருக்குள் இன்சுலேஷன் இருப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும்.

பதனி290

"காற்றில் சூடு எங்கே இருக்கு" என்ற கேள்விக்கு வருகிறேன். இது புரிந்தால் 45, 55 சண்டையும் புரிந்துவிடும்.

சென்னையில் ஏசி ஓடும்போது வெளியே தொங்கும் பெட்டியிலிருந்து அனல் அடிக்கும் அல்லவா? அறைக்குள் இருந்த சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் அதையே திருப்பிச் செய்கிறது. வெளியே இருப்பதை எடுத்து உள்ளே கொட்டுகிறது. பூஜ்ஜியம் டிகிரி என்பது நமக்குத்தான் குளிர். அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருளை அந்தக் காற்றில் வைத்தால் சூடு காற்றிலிருந்து அந்தப் பொருளுக்குள் பாயும். அந்தப் பொருள்தான் குளிர்பதனி. இப்போது வரும் பல மெஷின்களில் ஆர்290, அதாவது சுத்தமான புரொப்பேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பெட்டியின் பின்பக்கத் தகடுகளுக்குள் ஓடும் புரொப்பேன் சுமார் 4 பார் அழுத்தத்தில், மைனஸ் 7 டிகிரியில் இருக்கும். விசிறி இழுக்கும் 0 டிகிரிக் காற்று அதற்கு வெந்நீர் மாதிரி; சூட்டை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் நெருக்குகிறது. 15 பார் வரை நெருக்கினால் அது 45 டிகிரியில் திரும்பவும் திரவமாகத் தயாராகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் தகட்டு வெப்பமாற்றியில் ஒரு பக்கம் புரொப்பேன், மறுபக்கம் உங்கள் ரேடியேட்டர் தண்ணீர். ஆவி திரவமாகும்போது, வெளியிலிருந்து அள்ளிய சூடும் கம்ப்ரஸர் செலவழித்த மின்சாரமும் சேர்ந்து தண்ணீருக்குள் போகிறது. பிறகு விரிவு வால்வு அழுத்தத்தை மறுபடி 4 பாருக்கு இறக்குகிறது, சுற்று தொடர்கிறது.

இனி அந்த எண்களைப் பாருங்கள். 45 டிகிரித் தண்ணீருக்கு 4-லிருந்து 15 பார். 55 டிகிரி வேண்டுமென்றால் 19 பார் வரை தள்ள வேண்டும். அள்ளும் சூடு ஏறக்குறைய அதே, தள்ளும் உழைப்பு கூடிவிட்டது. நடைமுறையில் போகும் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றினால் திறன் 2 முதல் 3 சதவீதம் விழும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 டிகிரி ஏற்றினால் கால் பங்கு போய்விடும். அதனால்தான் இரண்டாவது ஆள் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். அவர் காசு பிடுங்கவில்லை. நீங்கள் இருபது வருடம் கட்டப்போகும் பில்லைக் குறைக்கிறார்.

கணக்குப்பிள்ளை

பில்லைப் பற்றி. மின்சாரம் யூனிட் 26 பென்ஸ், காஸ் 6.5 பென்ஸ் என்று உதாரணத்துக்கு எடுக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தேவை 12,300 யூனிட் சூடு. பாய்லருக்கு இப்போது போவது 14,000 × 6.5 பென்ஸ், 910 பவுண்டு.

ஹீட் பம்ப் வருடச் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் சூடு தந்தால் 4,100 யூனிட் மின்சாரம், 1,066 பவுண்டு. காஸை விடக் கூடுதல். 3.5 தந்தால் 914, சமம். 4 தந்தால் 800. இந்த விலைகளில் சமநிலைப் புள்ளி 3.5 என்று மனதில் வையுங்கள். 55 டிகிரியில், தேவைக்கு இரட்டிப்பான மெஷினில், பஃபர் டேங்கோடு 3.5-ஐத் தொடுவது கடினம். 45 டிகிரியில், அளவான மெஷினில், ஒழுங்காகச் செட் செய்தால் தாண்டலாம். ஆக "ஹீட் பம்ப் போட்டால் பில் கூடுமா" என்பதற்குப் பதில் எந்தக் கொட்டேஷனை எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். சமையலும் காஸிலிருந்து மாறினால் மீட்டரையே எடுத்துவிடலாம். தினசரி நிலைக்கட்டணம் வருடத்துக்கு 100 பவுண்டு அளவில் மிச்சம். ஆனால் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் போகுமுன் அம்மாவின் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தோசைக்கல் ஒட்டும். அலுமினிய இட்லிச் சட்டி, புட்டுப் பானை, மண்சட்டி ஒட்டாது, அந்த அடுப்பில் சூடாகாது. எவர்சில்வரிலும் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. அடுத்தது, ஹீட் பம்ப் வைத்திருப்போருக்கென்றே நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத் திட்டங்கள் உண்டு. மலிவு நேரத்தில் சிலிண்டரைச் சூடாக்கி, மாலை 4 முதல் 7 வரை உச்ச விலையில் வீட்டை ஒன்றிரண்டு டிகிரி தாழ ஓடவிட்டால் சராசரி விலையே இறங்கும்.

மானியம் பற்றி: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் திட்டத்தில் ஏர் சோர்ஸ் ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு. 2023 அக்டோபர் 23-க்கு முன் 5,000 ஆக இருந்தது. விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, எம்.சி.எஸ். சான்று உள்ள இன்ஸ்டாலர் ஆஃப்ஜெமிடம் (காஸ், மின்சாரத் துறையின் அரசு ஒழுங்குமுறை அமைப்பு) விண்ணப்பித்து உங்கள் பில்லில் கழிப்பார். ஆஃப்ஜெமிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் சம்மதம் சொன்னால்தான் நகரும். 2025-இல் இருந்த விதிப்படி வீட்டுக்கு 10 வருடத்துக்குட்பட்ட இ.பி.சி. (எரிசக்தித் திறன் சான்றிதழ்) இருக்க வேண்டும். பழைய பாய்லரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் கலப்பு ஏற்பாட்டுக்கு மானியம் கிடையாது. வீடு முழுவதையும் சுடுநீரையும் ஹீட் பம்பே பார்க்க வேண்டும்.

ரேனர்ஸ்லேன்_வாசி

பெரிய நன்றி. இனித்தான் விளங்குது. இன்னும் இரண்டு சந்தேகம். 45 டிகிரி என்றால் ரேடியேட்டரைத் தொட்டால் சூடே தெரியாதே, அம்மா "வேலை செய்யேல்லை" என்று சொல்லப் போறா. மற்றது, முதல் கொம்பனி பஃபர் டேங்க் இல்லாமல் ஓடவே ஓடாது என்று அடித்துச் சொல்கிறது. வெளிப்பெட்டியைப் பின்வளவில் குசினிச் சுவரோடு வைக்கலாமோ?

செப்புக்குழாய்

தொட்டுப் பார்க்கிற கதை எல்லா வீட்டிலும் வருகிறது. நம் உடம்பே 37 டிகிரி. 42 டிகிரித் தகடு கைக்கு இளஞ்சூடாகத்தான் தெரியும். வீட்டைச் சூடாக்குவது தகட்டின் சூடு மட்டும் இல்லை, தகட்டின் பரப்பும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும்தான். பாய்லர் ஒரு மணி நேரம் கொதித்து இரண்டு மணி நேரம் நிற்கும். ஹீட் பம்ப் நாள் முழுக்க இளஞ்சூடாக ஓடும். சுவரும் தரையும் குளிராமல் நிற்கும். ஜன்னல் ஓரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் பூஞ்சணம் பிடிப்பதும் இதனால் குறையும். அம்மாவுக்கு ரேடியேட்டரைக் காட்ட வேண்டாம், அறை வெப்பமானியைக் காட்டுங்கோ.

ரேடியேட்டர்க் கணக்கு இதுதான். கடையில் எழுதியிருக்கிற வாட், ரேடியேட்டரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூட இருக்கும்போது தருவது. உங்கள் கணக்கில் தண்ணீர் 45-ல் போய் 40-ல் திரும்பும், சராசரி 42.5, அறை 21, வித்தியாசம் 21.5. 21.5-ஐ 50-ஆல் வகுத்து 1.3 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.33. அதாவது எழுதியிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. 600 உயரம், 1200 நீளம் உள்ள ஒற்றைத் தகட்டில் ஏறக்குறைய 1,150 வாட் என்று எழுதியிருக்கும், உங்களுக்குக் கிடைப்பது 380. அதே நீள உயரத்தில் இரட்டைத் தகடு, 22 வகை, 690 தரும். மூன்று தகட்டு 33 வகை 970 வரை. சுவரில் இடம் அதே நீளம்தான். தடிப்பு மட்டும் 6 செ.மீ.-லிருந்து 10 அல்லது 16 செ.மீ. ஆகும். சோபா, திரைச்சீலை இடிக்குமா என்று பாருங்கோ.

குழாய் பற்றிப் பயம் வேண்டாம். ஹீட் பம்பில் போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரிதான் வித்தியாசம், ஆகவே பாய்லரைவிடக் கூடத் தண்ணீர் ஓட வேணும். 5 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 14.4 லிட்டர். 22 மி.மீ. செம்பில் அது நொடிக்கு 0.75 மீட்டர் வேகம், சத்தமில்லாமல் போகும். 15 மி.மீ. கிளையில் 2 கிலோவாட் வரை தாராளம். முதலாமவரின் 12 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 34 லிட்டர் வேணும். 22 குழாயில் அது நொடிக்கு 1.8 மீட்டர், இரைச்சல் போடும். அதனால்தான் அவருக்கு பஃபர் டேங்க் தேவைப்படுது. மெஷின் பக்கம் ஒரு சுற்று, வீட்டுப் பக்கம் இன்னொரு சுற்று என்று பிரித்து, பெரிய மெஷினால் தானே உண்டாக்கின சிக்கலைத் தாண்டப் பார்க்கிறார்.

நாலு குழாய் பஃபரில் ஒரு நட்டம் இருக்கு. மெஷினிலிருந்து வரும் சூடான தண்ணீரும் வீட்டிலிருந்து திரும்பும் ஆறின தண்ணீரும் டேங்குக்குள் கலக்கும். இரண்டு பக்கத்துப் பம்ப் வேகமும் சரியாகப் பொருந்தாவிட்டால் மெஷின் 45-ல் அனுப்பி ரேடியேட்டருக்கு 41 போய்ச் சேரும். பிறகு அறை சூடாகேல்லை என்று மெஷினை 49-க்கு ஏற்றுவார்கள். பத்து சதவீதம் அந்த இடத்திலேயே போச்சு.

பதனி290

பஃபர் விஷயத்தில் செப்புக்குழாய் சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். பஃபர் வேண்டாம் என்பது சரி, ஆனால் தண்ணீர் அளவு வேண்டும். காரணம் டிஃப்ராஸ்ட், அதாவது வெளிப்பெட்டியில் படியும் பனியை உருக்குவது.

லண்டனில் அதிகம் வருவது மைனஸ் 10 அல்ல, ஈரமான 0 முதல் 4 டிகிரி. அந்த ஈரம்தான் வெளிப்பெட்டித் தகடுகளில் வெள்ளைப் பனியாகப் படியும். காற்றுப் போகும் இடைவெளி அடைபடும். உடனே மெஷின் நாலுவழி வால்வைத் திருப்பி, சில நிமிடங்கள் ஏசி மாதிரி ஓடி, வீட்டுத் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துப் பனியை உருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் விசிறி நிற்கும், ஒரு "புஸ்" சத்தம், தகடுகளின் பனி கீழ்ப்பக்கம் சரிந்து வழியும், பிறகு விசிறி மறுபடி சுழலும்போது வெள்ளை ஆவி ஒரு முகிலாக எழும்பும். பக்கத்து வீட்டார் புகை என்று நினைத்து ஓடிவருவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மெஷின் பழுதில்லை, அப்படித்தான் ஓட வேண்டும்.

இந்த நேரத்தில் சுற்றில் தண்ணீர் போதாவிட்டால் சட்டென்று குளிர்ந்து, மெஷின் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். கையேட்டில் குறைந்தபட்சத் தண்ணீர் அளவு கொடுத்திருப்பார்கள். 600 × 1200 அளவில் இரட்டைத் தகட்டு ரேடியேட்டர் ஒன்றில் 7 லிட்டர் போல நிற்கும். ஒன்பது ரேடியேட்டரும் திறந்திருந்தால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. எல்லா ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் வால்வைப் பூட்டி, "இந்த அறை வேண்டாம், அந்த அறை வேண்டாம்" என்று மூடினால்தான் பிரச்சினை. ஹால், முன்னறை, குசினி ரேடியேட்டர்களை எப்போதும் முழுதாகத் திறந்து வையுங்கள். அப்படியும் அளவு குறைகிறதென்றால் திரும்பும் குழாயில் தொடராக ஒரு சின்ன இரண்டு குழாய் டேங்க் போடலாம். அதில் கலப்பு நடக்காது.

வெளிப்பெட்டி குசினிச் சுவரோடு வைக்கலாம், ஆனால் பின்னால் குறைந்தது 30 செ.மீ., முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் வெற்றிடம். ஊதிய குளிர்காற்று வேலியில் முட்டித் திரும்பி உள்ளே போனால் திறன் விழும். ஆர்290 எரியக்கூடியது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் கதவு, திறக்கும் ஜன்னல், சுவரின் காற்றுத் துளைச் செங்கல், சாக்கடை வாய் எல்லாம் கையேட்டில் போட்டிருக்கும் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். 1930-களின் வீடுகளில் பலகைத் தரைக்குக் காற்றுப் போக, சுவர் அடியில் அந்தத் துளைச் செங்கல் வரிசையாக இருக்கும். இன்ஸ்டாலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான், நீங்கள் நேரில் காட்டுங்கள்.

டிஃப்ராஸ்ட் தண்ணீர் ஒரு நாளில் வாளிக் கணக்கில் வரும். பெட்டிக்கு அடியில் சரளைக்கல் குழி வெட்டி அதற்குள் இறங்கவிடுங்கள். நடைபாதையில் வழியவிட்டால் இரவில் உறைந்து காலையில் அம்மா வழுக்கி விழுவார்.

சத்தம்: இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் வைக்க எம்.சி.எஸ். 020 கணக்கில் தேற வேண்டும். பக்கத்து வீட்டாரின் அறை ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்பதுதான் கணக்கு. எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 மே மாதக் கடைசியில் எடுக்கப்பட்டுவிட்டது. செமி-டிடாச்ட் வீடென்பதால் பொதுச் சுவரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். தரையில் கான்கிரீட் போட்டு ரப்பர் கால்களில் நிறுத்துங்கள்.

மீட்டர்பெட்டி

கரண்ட் பக்கம் யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். அந்தக் காலத்து செமி-டிடாச்ட் வீடுகளில் பல இடத்தில் தெருவிலிருந்து ஒரே கேபிள் ஒரு வீட்டுக்கு வந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் பிரிந்து போகும். மெயின் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். அதற்குள் தடித்த கேபிள் ஒன்றுக்குப் பதில் இரண்டு வந்தால் இந்தப் பகிர்வுதான் என்று சந்தேகப்பட வேண்டும். பகிர்வு இருந்தால் மின்வலைக் கம்பெனி வந்து தனிக் கேபிள் போட்ட பிறகுதான் ஹீட் பம்பை இணைக்க விடுவார்கள். தெருவைத் தோண்டும் வேலை, மாதக்கணக்கில் இழுக்கலாம். ஆகவே இன்றைக்கே ஃபியூஸ், மீட்டர், ஃபியூஸ் பெட்டி மூன்றையும் படமெடுத்து இன்ஸ்டாலருக்கு அனுப்புங்கள். விண்ணப்பம் அவர்தான் போட வேண்டும்.

சிலிண்டருக்கும் இப்போதே இடம் பாருங்கள். கொம்பி வந்தபோது பழைய டேங்க் அலுமாரியை எடுத்திருப்பார்கள். 210 லிட்டர் சிலிண்டர் நிறைந்தால் 250 கிலோவைத் தாண்டும், மாடியில் வைத்தால் மரச்சட்டம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு வால்வின் வெளியேற்றுக் குழாய் சரிவாக வெளியே போக வழியும் வேண்டும். ஹீட் பம்புக்கென்று செய்த சிலிண்டராக இருக்கட்டும். உள்ளே சுருள் பெரிதாக, 3 சதுர மீட்டர் பரப்பளவில் இருக்கும். பாய்லருக்குச் செய்த சிறு சுருள் சிலிண்டரில் மெஷினின் சூடு தண்ணீருக்குள் இறங்காது, மெஷின் கொதித்து நின்றுவிடும். 15-லிருந்து 50 டிகிரிக்கு 210 லிட்டரை ஏற்ற எட்டரை யூனிட் சூடு, 5 கிலோவாட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. வீடு அதற்குள் குளிர்ந்துவிடாது. வாரத்துக்கு ஒரு தடவை இம்மர்ஷனால் (சிலிண்டருக்குள் இருக்கும் மின் ஹீட்டர்) 60-க்கு ஏற்றுவது லீஜனெல்லா கிருமிக்காக. அதை நிறுத்த வேண்டாம், வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

ரேனர்ஸ்லேன்_வாசி

ஃபியூஸ் பெட்டியில் ஒரு கேபிள்தான். நிம்மதி.

இரண்டாவது ஆளிடம் அறைக்கணக்குத் தாள் வாங்கிட்டன். மொத்த இழப்பு 5.1 கிலோவாட். முன்னறை, அதுதான் வளைந்த பே ஜன்னல் இருக்கிற அறை, 1,050 வாட். அதற்கு 600 × 1400 இரட்டைத் தகடு, 2,400 வாட் என்று எழுதியிருக்கு. மற்ற அறையெல்லாம் தேவைக்குச் சரி அல்லது கொஞ்சம் கூட. முதல் கொம்பனி தாள் தரவே இல்லை. இரண்டாவதையே எடுக்கலாம் போல. செட்டிங்கில் நான் என்ன பார்க்க வேணும்?

செப்புக்குழாய்

மொத்தம் 5.1 என்பது உங்கள் காஸ் பில் கணக்கோடு ஒத்துப்போகுது, நல்ல வேலைக்காரன். ஆனால் முன்னறையைத் திரும்பப் பாருங்கோ. 2,400-இல் மூன்றில் ஒன்று 800. அறைக்கு 1,050 வேணும். 250 குறையுது. அந்த ரேடியேட்டர் 1,050 தர வேணுமென்றால் தண்ணீர் 50 டிகிரியில் போக வேண்டும். ரேடியேட்டர்கள் எல்லாம் ஒரே சுற்றில் இருப்பதால், அந்த ஒரு அறைக்காக முழு வீடும் 50-ல் ஓடும். ஐந்து டிகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம், ஒவ்வொரு குளிர்காலமும். அதே 1400-இல் 33 வகை போடச் சொல்லுங்கோ, 3,300-க்கு மேல் எழுதியிருக்கும், 45-லேயே 1,100 வரும். கூடுதல் செலவு ஒரு ரேடியேட்டருக்கான விலை வித்தியாசம்தான். கனம் கூட என்பதால் சுவரில் நல்ல ஆணி.

செட்டிங்: வெதர் கம்பன்சேஷன் போட்டிருக்கா என்று முதலில் பாருங்கோ. வெளி மைனஸ் 2 என்றால் 45, வெளி 15 என்றால் 28 அல்லது 30, இடையில் ஒரு நேர்கோடு. மெஷின் வெளி வெப்பத்தைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்கும். இதை விட்டுவிட்டு, சுவரில் ஒரு ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் மாட்டி, எப்போதும் 45 என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். மெஷின் ஓடத் தொடங்கின பிறகு, எல்லா வால்வும் திறந்தபடி, கோட்டை இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு டிகிரி இறக்கிக்கொண்டு வாங்கோ. ஏதாவது ஒரு அறை 21-ஐத் தொடாமல் நிற்கும். அந்த அறையின் லாக்‌ஷீல்ட் வால்வை (ரேடியேட்டரின் மறுமுனையில் தண்ணீர் ஓட்டத்தை அளவாக்குவது) திறந்து, சூடு கூடின அறைகளின் வால்வைக் கொஞ்சம் இறுக்கிச் சமப்படுத்திய பிறகும் ஏறாவிட்டால் மட்டும் ஒரு டிகிரி ஏற்றுங்கோ. அந்த இடம்தான் உங்கள் வீட்டுக் கோடு. இரவில் முழுதாக நிறுத்த வேண்டாம். இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கினால் காலையில் மெஷின் முழு மூச்சில் ஓடிப் பிடிக்க வேணும், மிச்சம் பிடித்தது அங்கே போயிடும்.

பதனி290

ஒன்று விட்டுப்போச்சு. வெளியே ஓடும் இரண்டு குழாயும் மின்தடையில் உறையாமல் இருக்க என்ன போடுகிறார் என்று கேளுங்கள். 20, 25 சதவீதம் க்ளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்தால் உறையாது, ஆனால் தண்ணீர் கெட்டியாகிச் சூடு சுமக்கும் திறன் குறையும், சில வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்கவும் வேண்டும். மற்ற வழி ஆன்டி-ஃப்ரீஸ் வால்வு. தண்ணீர் 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து வெளியே சிந்திவிடும், குழாயும் வெப்பமாற்றியும் தப்பும். லண்டனுக்கு அதையே சொல்வேன். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று, இரண்டும் வெளியே தாழ்வான இடத்தில். குழாய்க்கு வெயில் தாங்கும் தடித்த இன்சுலேஷன் சுற்றும்போது வால்வின் உடம்பையும் சேர்த்து மூடிவிடுவார்கள். மூடினால் அது சரியாக வேலை செய்யாது. வேலை முடிந்து அவர்கள் வேனில் ஏறுமுன் வெளியே போய், அந்த இரண்டு வால்வும் வெறும் பித்தளையாகக் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.